சுத்தமாகத் திரும்பி வந்த தட்டுகள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில் விடுமுறைப் பயண விமான நிறுவனங்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் முன்பு கனடாவில் பறந்த வார்ட் எயர் பற்றி அதில் ஒரேயொரு வரிதான் இருக்கிறது. மலிவு ரிக்கெற் வாங்கியவர்களுக்கு விலை கூடிய பீங்கானில் சாப்பாடு கொடுத்தே நொடித்துப்போன நிறுவனம் என்று அந்த வரி சொல்கிறது. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பீங்கான்களைக் கழுவியவர்களில் நானும் ஒருவன்.

1986 இலையுதிர் காலத்தில் நான் ரொறன்ரோவுக்கு வந்தேன். வேலை அனுமதி கைக்குக் கிடைத்த கிழமையே, எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் தான் வேலை செய்த இடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். பியர்சன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரித்து ஏற்றி அனுப்பும் பெரிய சமையற்கூடம் அது. எனக்குக் கிடைத்தது இரவு வேலை, கழுவும் பகுதியில். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். நான் கழுவியது ஆகாயத்தில் இருந்து இறங்கி வந்த கோப்பை.

பல நிறுவனங்களின் தள்ளுவண்டிகள் எங்களிடம் வரும். பெரும்பாலானவற்றில் பிளாஸ்ரிக் தட்டுகள்தான். கூடைக்குள் கொட்டி, இயந்திரத்துக்குள் தள்ளிவிட்டால் முடிந்தது. வார்ட் எயர் வண்டி வந்தால் மட்டும் எங்கள் மேற்பார்வையாளர் குரலை உயர்த்துவார். ஒவ்வொரு தட்டாகக் கையால் எடுக்க வேண்டும். கோப்பையின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். உரசல் தட்டுப்பட்டால் அந்தக் கோப்பையைத் தனியாக வைத்துவிட வேண்டும். முதல் நாள் ஒரு தட்டைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் றோயல் டோல்டன் என்ற முத்திரை இருந்தது. இங்கிலாந்தின் பெயர்பெற்ற பீங்கான் என்று பக்கத்தில் நின்ற ஸ்கொட்லாந்து அம்மா சொன்னார். எங்கள் வீட்டில் அப்பா பூட்டி வைத்திருந்த கண்ணாடி அலுமாரி எனக்கு ஞாபகம் வந்தது. நல்ல பீங்கானை விருந்தாளி வந்தால்தான் வெளியில் எடுப்போம். இந்த நிறுவனமோ முகம் தெரியாத பயணிகளுக்கு, அதுவும் முழு விமானத்தையும் வாடகைக்கு எடுத்துப் பறக்கும் மலிவான சாட்டர் விமானத்தில் போகிறவர்களுக்கு, தினமும் அதை எடுத்து வைத்தது.

அந்த ஸ்கொட்லாந்து அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாட்டர் விமானம் என்றால் என்ன என்பதை எனக்கு விளங்கவைத்தவர் அவர்தான். கலியாணம் முடித்த கையோடு கப்பலில் கனடாவுக்கு வந்தவர். பெரிய விமான நிறுவனங்கள் கேட்ட கட்டணத்தை நினைத்தும் பார்க்க முடியாமல் பல வருடம் தாயைப் பார்க்காமலே இருந்திருக்கிறார். 1960களில்தான் சாட்டர் விமானங்கள் பெருகின. ஆனால் அப்போது யாரும் நினைத்தபடி ரிக்கெற் வாங்கிவிட முடியாது. ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். அந்தச் சங்கம் பயணத்துக்காகவே தொடங்கியதாக இருக்கக் கூடாது. அதில் சேர்ந்து குறைந்தது ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அந்தச் சங்கம் முழு விமானத்தையும் வாடகைக்கு எடுத்துத் தன் உறுப்பினர்களுக்கு மட்டும் இருக்கைகளைப் பகிர்ந்து கொடுக்கலாம். கால அட்டவணைப்படி பறக்கும் பெரிய நிறுவனங்களின் வியாபாரம் கெடக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி இது. இந்த அம்மாவும் ஏதோ ஒரு சங்கத்தில் சேர்ந்து, ஆறு மாதம் காத்திருந்து, தாயைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1970களில் அந்த விதி தளர்ந்தது. பல வாரங்களுக்கு முன்பே பணம் கட்டிப் பதிந்துவிட்டால் சங்கம் தேவையில்லை என்றானது.

விடுமுறை விமானம் என்றால் கடற்கரைக்குப் போவதற்கு என்றுதான் உங்கள் கட்டுரையும் எழுதுகிறது. பார்பேடோசுக்கும் ஹவாய்க்கும் போனார்கள்தான். ஆனால் கோடை காலத்தில் அந்த விமானங்களை நிரப்பியவர்களில் பெருந்தொகையானவர்கள் பிறந்த ஊரையும் பெற்றவர்களையும் பார்க்கப் போன குடியேறிகள். பெற்றவர்களைப் பார்க்க ஊருக்குப் போக வழியில்லாமல் அந்த நாட்களில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த எனக்கு, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்போது அந்த நிறுவனத்தின் கதைக்கு வருகிறேன். அதைத் தொடங்கிய மக்ஸ் வார்ட் 1921இல் எட்மன்ரனில் பிறந்தவர். போர்க் காலத்தில் கனடிய விமானப்படையில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். 1946இல் ஒரு ஃபொக்ஸ் மொத் விமானத்துடன், தங்கச் சுரங்க ஊராக இருந்த யெலோநைஃபுக்குப் போய், போலாரிஸ் என்ற பெயரில் சிறிய சாட்டர் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். சிறகு இரண்டடுக்கு, இயந்திரம் ஒன்று. நாலைந்து பேர் ஏறினால் நிரம்பிவிடும். அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1953இல் 'ஒட்டர்' என்ற விமானத்தை வாங்கி மறுபடி தொடங்கியதுதான் வார்ட் எயர். கனிமம் தேடிப் போகிறவர்கள், அவர்களுடைய கூடாரம், எண்ணெய்ப் பீப்பாய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, கோடையில் ஏரித் தண்ணீரிலும் குளிர்காலத்தில் உறைந்த ஏரியிலும் போய் இறங்குவார்கள்.

சில வருடங்களுக்கு முன் மகனுடன் யெலோநைஃபுக்குப் போயிருந்தேன். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பிறிஸ்ரல் ஃபிரெய்ற்றர் என்ற பழைய சரக்கு விமானத்தைத் தூணில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். உருண்டைத் தலையும் பருத்த வயிறுமாக, அழகென்று சொல்ல முடியாத விமானம். அது வார்ட் எயரின் விமானம். 1967இல் வட துருவத்திலேயே போய் இறங்கியது. சக்கரத்தோடு அங்கே இறங்கிய முதல் விமானம் அதுதான். நான் அதன் கீழே நெடுநேரம் நின்றேன். மகன் குளிரில் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டான்.

1962இல் வாடகைக்கு எடுத்த டிசி-6 விமானத்துடன் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கினார்கள். 1966இல் போயிங் 727 வந்தது. மேற்குக் கனடாவில் இருந்து பிரித்தானியாவுக்கு ஒரே மூச்சில் போக அதற்குத் தெம்பு போதாது. கிரீன்லாந்தில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போகும். அப்புறம் 707கள். 1973இல் முதல் ஜம்போ, அதாவது போயிங் 747. இரண்டாவது ஜம்போவின் பதிவெழுத்துகளில் கடைசி மூன்றும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் 'ஃபன்' என்று வரும்.

விமானங்களுக்கு அவர்கள் வைத்த பெயர்களைத்தான் நான் அதிகம் விரும்பினேன். நகரத்தின் பெயரோ அரசியல்வாதியின் பெயரோ கிடையாது. பெரும்பாலும் கனடாவின் வடக்கில் பறந்த பழைய விமானிகளின் பெயர்கள். உணவு ஏற்றும் லொறியில் ஆள் குறைந்த நாட்களில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். லொறியின் பெட்டி விமானக் கதவு மட்டத்துக்கு உயரும்போது மூக்கின் பக்கம் எழுதியிருக்கும் பெயரை வாசிப்பேன். மறுநாள் ஸ்கொட்லாந்து அம்மாவிடம் கேட்பேன். அவருக்குத் தெரியாவிட்டால் நூலகத்துக்குப் போவேன். வொப் மே யார் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன். 1929 ஜனவரியில், தொண்டை அடைப்பான் நோய் பரவிய ஃபோர்ட் வெர்மிலியன் பக்கத்துக்கு, மேலே மூடியில்லாத சின்ன விமானத்தில், உறைய வைக்கும் குளிருக்குள் எட்மன்ரனில் இருந்து மருந்து கொண்டு போனவர். ஒரு ஜம்போவில் ஹொலிக்-கென்யன் என்று இருந்தது. 1935இல் அந்தாட்டிக்காவைக் குறுக்கே கடந்த விமானத்தை ஓட்டியவர் அவர். இந்த நாட்டைப் பற்றி முதன்முதலில் நான் படித்த சரித்திரம் அந்த விமானங்களின் மூக்கில் எழுதியிருந்தது.

சரி, பீங்கான் விஷயத்துக்கு வருவோம். பீங்கான் பிளாஸ்ரிக்கைவிடப் பாரம். பாரம் கூடினால் எண்ணெயும் கூடும். உடையும். கழுவ ஆள் வேண்டும். இவையெல்லாம் செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் சாட்டர் விமானத்தின் கணக்கு வேறு. ஜம்போ ஒன்றில் நானூறுக்கும் அதிகமான இருக்கை. விமானம் புறப்படுவதற்குப் பல வாரம் முன்பே அநேகமாக எல்லாம் விற்று முடிந்துவிடும். பணமும் கைக்கு வந்துவிடும். கோடையில் ஐரோப்பா, குளிர்காலத்தில் வெப்ப நாடுகள் என்று வருடம் முழுக்க விமானத்துக்கு வேலை கொடுத்தார்கள். விமானி, எண்ணெய், தரையிறங்கும் கட்டணம் எல்லாம் நானூறு பேர் மேல் பிரிந்துவிடும்போது ஒரு ஆளுக்கு ஒரு பீங்கான் தட்டு என்பது சில்லறை. அதைச் சாப்பாட்டிலும் காட்டினார்கள். இறைச்சித் துண்டைப் பதமாக வாட்டி அந்தத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அடுத்த வருடமும் அதே விமானத்தைத்தான் கேட்பேன் என்று ஜனங்கள் சொன்னார்கள் என்றால் அதில் அந்தத் தட்டுக்கும் பங்கு உண்டு. விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தைவிட அது நல்ல செலவு என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்படியென்றால் எது கவிழ்த்தது? இதற்கு என்னிடம் புத்தகத்தில் இல்லாத ஒரு சாட்சி இருக்கிறது.

பெரிய ஜம்போக்களில் இருந்து இறங்கும் வண்டிகளில் எல்லாத் தட்டும் அழுக்காக வரும். குழம்பு காய்ந்து, கோப்பி வட்டம் விழுந்து, உதட்டுச் சாயம் ஒட்டி வரும். ஒரு வண்டிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எங்களுக்குக் கணக்குத் தெரியும். உள்நாட்டு விமானங்களில் இருந்து வந்த வண்டிகள் அப்படியில்லை. பாதித் தட்டுகள் யாரும் தொடாமல், வைத்த இடத்திலேயே, பளபளவென்று வரும். பாவிக்காத தட்டையும் கழுவித்தான் வைக்க வேண்டும் என்பது விதி. கழுவுகிறவனுக்கு அது சுலபமான வேலை. முதலில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஸ்கொட்லாந்து அம்மாதான் ஒருநாள் சுத்தமான தட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டி, 'இது ஒரு காலி இருக்கை' என்றார். அதற்குப் பிறகு அந்தத் தட்டுகளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மனது என்னவோ செய்யும்.

நடந்தது இதுதான். கனடாவில் எந்த நிறுவனம் எங்கே பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதையெல்லாம் அரசாங்கமே தீர்மானித்து வந்தது. 1984இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த லொயிட் அக்ஸ்வேர்தி அந்தக் கட்டுகளைத் தளர்த்தத் தொடங்கினார். 1988 ஜனவரியில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. சாட்டருக்கும் அட்டவணை விமானத்துக்கும் நடுவில் இருந்த சுவர் இடிந்தது. இது வார்ட் எயருக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அதே சுவர்தான் அவர்களுக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது. பெரிய நிறுவனங்களும் மலிவு விலையில் இருக்கை விற்கத் தொடங்கிவிட்டால், முன்கூட்டியே பணம் கட்டிக் காத்திருந்து சாட்டரில் போக யார் வருவார்கள்? அதனால் மக்ஸ் வார்ட் தானும் அவர்களுடைய களத்தில் இறங்கினார். 1986இல் ரொறன்ரோ, வன்கூவர் போன்ற பெரிய நகரங்களுக்கு இடையே அட்டவணைப்படி பறக்கத் தொடங்கினார். பழைய பெரிய விமானங்களைக் கொடுத்துவிட்டுப் புத்தம்புது எயர்பஸ் ஏ310 விமானங்கள் பன்னிரண்டை வாங்கினார். வேறு விமானங்களையும் வாங்கப் பதிந்து வைத்தார். எல்லாவற்றுக்கும் கடன்.

அட்டவணை விமானம் வேறு தொழில். ஒரு நாளைக்கு ஒரு தரம் போனால் வியாபாரிகள் வரமாட்டார்கள், பல தரம் போக வேண்டும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொன்ன நேரத்துக்குப் புறப்பட வேண்டும். எயர் கனடாவுக்கும், 1987இல் உருவான கனடியன் எயர்லைன்ஸுக்கும் சின்னச் சின்ன ஊர்களில் இருந்து ஆட்களைக் கொண்டுவந்து பெரிய விமானத்தில் சேர்க்கும் துணை நிறுவனங்கள் இருந்தன. வார்ட் எயருக்கு அந்த வாய்க்கால் கிடையாது. அடிக்கடி பறக்கிறவர்கள் புள்ளி சேர்க்கும் எயர் கனடாவின் திட்டம் 1984இலேயே வந்துவிட்டது. கம்பனிக் காசில் பறக்கிற மனேஜருக்குத் தட்டு பீங்கானா பிளாஸ்ரிக்கா என்பது பெரிதில்லை. புள்ளி சேர்ந்தால் மனைவி பிள்ளைகளோடு இலவசமாகப் போகலாம். அதற்கு மேல் கட்டணப் போட்டி. அரை விமானம் ஆட்களோடு குறைந்த கட்டணத்துக்குப் பறந்து புது விமானங்களின் கடனைக் கட்ட யாராலும் முடியாது.

1989 ஜனவரியில் கனடியன் எயர்லைன்ஸின் தாய் நிறுவனமான பிடபிள்யூஏ, வார்ட் எயரை 25 கோடி டொலருக்கு வாங்கப்போவதாகச் செய்தி வந்தது. சமையற்கூடத்தில் அன்று இரவு யாரும் அதிகம் கதைக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் எல்லாவற்றையும் கனடியனுடன் சேர்த்துவிட்டார்கள். 1990 பிறந்தபோது அந்த முத்திரை போட்ட பீங்கான் பெட்டிகள் எங்களிடம் வருவது நின்றுவிட்டது. வாங்கிய கனடியனும் பத்து வருடம் கழித்து எயர் கனடாவுக்குள் போய்விட்டது.

மக்ஸ் வார்ட் அவசரப்பட்டாரா என்று கேட்டால், ஆம், அவசரப்பட்டார் என்றுதான் சொல்வேன். நாலு விமானத்தோடு உள்நாட்டில் கால் வைத்துப் பார்த்திருக்கலாம். புது விமானங்களை மெல்ல மெல்ல எடுத்திருக்கலாம். ஆனால் சும்மா இருந்திருந்தாலும் அவருடைய பழைய தொழில் அவர் கண் முன்னாலேயே கரைந்துதான் போயிருக்கும். அவர் சரிந்தது காலி இருக்கையாலும் கடனாலும். உட்கார்ந்திருந்தவர்களை நன்றாகக் கவனித்ததால் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டால், பயணிகளை மரியாதையாக நடத்தினால் நட்டம்தான் வரும் என்று இன்றைய நிறுவனங்களுக்கு நாமே சாட்சி சொல்வது போல ஆகிவிடும். முழங்கால் இடிக்கும் இருக்கையில், தண்ணீருக்கும் காசு கேட்கும் விமானத்தில் போய் வருகிறோம். மலிவு ரிக்கெற் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அப்படி இல்லாத ஒரு காலத்தை நான் கையால் தொட்டுக் கழுவியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. அந்த ஏ310 விமானங்களில் ஐந்தைக் கனடியனிடம் இருந்து 1990களின் தொடக்கத்தில் கனடிய விமானப்படை எடுத்துக்கொண்டது. பிரதமர் வெளிநாடு போகும்போது தொலைக்காட்சியில் படிக்கட்டோடு பல வருடம் காட்டிய விமானம் அவற்றில் ஒன்று. விமானப்படை அந்த ரகத்துக்கு வைத்த பெயர் போலாரிஸ். 1946இல் யெலோநைஃபில் தொடங்கிய அந்தச் சின்ன நிறுவனத்தின் பெயரும் அதுதான். வேறு வேறு பிரதமர்கள் அந்தப் படியால் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவேன்.

மக்ஸ் வார்ட் 2020 நவம்பரில், 98 வயதில் காலமானார். கொரோனாக் காலம். அந்தச் செய்தி நம் பத்திரிகைகளில் என் கண்ணில் படவில்லை. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டது என் பிழை.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி ஒரு சிறு குறிப்பு போடும்படி கேட்டுக்கொள்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் இங்கே ஒரு தேவாலய விற்பனையில் வார்ட் எயர் கோப்பை ஒன்றும் அதன் தட்டும் இரண்டு டொலருக்குக் கிடைத்தன. பழக்கத்தில் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன், உரசல் இல்லை. குறிப்போடு படமும் போடுவதானால் யாரையாவது அனுப்புங்கள். சனிக்கிழமைகளில் காலையில் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
க. சி.
ஸ்காபுறோ